ஒன்றரைக் கட்டை மேலே

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தாள். ஐம்பதுகளின் கடைசி அது. சிவகாசிப் பக்கம் எங்கள் சின்னத் தேவாலயத்தில் என்னைத் தவிர யாரும் அதில் கைவைத்ததில்லை. நான் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்குவேன், சபை பாடும். அவள் நான்கை அமுக்கினாள். கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒரு கலக்கம் எழும்பி, பாட்டு இறங்க இடம் தேடித் தவித்தது. சபை தானாக வாயைத் திறந்தது.

"எம்புட்டு நல்லா வாசிக்கா, பாத்தியா?" என்றார் மாமியார், என்னிடமே.

"முதல்ல பிடிச்சது டிமினிஷ்டு, அடுத்தது டாமினன்ட் செவன்த். சொல்லித்தரட்டுமாக்கா?" என்று அவள் கேட்டாள். போர்டிங் பள்ளியில் பியானோ படித்தவளாம். வேண்டாம் என்றேன். நேற்று வந்தவளிடம் கைகட்டி நிற்பதா?

அவள் விரல்களைக் களவாகப் பார்த்து வைத்தேன். தீப்பெட்டிக் கூடு ஒட்டும் பலகையில் விரல் பழகினேன். ஆலயம் கூட்டும் சாக்கில் ஆர்மோனியத்தில் தேடினேன். கறுப்பு வெள்ளை இரண்டையும் எண்ணி, இரண்டிரண்டு கட்டை விட்டு நான்கை அமுக்கினால் அந்தக் கலக்கம், அவள் சொன்ன டிமினிஷ்டு. நான்கில் ஒன்றை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு இறக்கினால் அவள் சொன்ன மற்றது, வீட்டுக்குப் போக அவசரப்படுவது. எந்த விரலை இறக்கினாலும் அவசரம் வந்தது. போய்ச்சேரும் வீடுதான், அதாவது சுருதிதான், வேறுவேறு. இது அவளுக்கே தெரிந்திருக்காது என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு வாசிக்க மாமியார் அவளைச் சொன்னார். நான் அடம்பிடித்து வாங்கினேன். அன்று சொதப்பினால் ஆர்மோனியம் அவளுக்குப் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும்.

கடைசிச் சரணம் வந்தது. நான்கையும் அமுக்கிவிட்டு, கேட்கிறாளா என்று பெண்கள் பக்கம் பார்த்தேன். அந்த நேரத்தில் வேறு விரல் இறங்கிவிட்டது. பாட்டின் சுருதி ஒன்றரைக் கட்டை மேலே போய் உட்கார்ந்தது. ஆண்களின் தொண்டை கீச்சிட்டு நின்றது. "என்னலே இது, இம்புட்டு உசரத்துல?" என்று யாரோ முணுமுணுத்தார். பெண்களும் ஓய்ந்தார்கள்.

ஒரு குரல் மட்டும் ஓயவில்லை. அவளுடையது. அதுவரை ஆர்மோனியச் சத்தத்துக்குள் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. சிரமமே இல்லாமல் சரணம் முழுவதையும் தனியாகப் பாடினாள். சபை அசையாமல் கேட்டது. நான் கால் வலிக்க மிதித்து அவளுக்கு வாசித்தேன்.

வெளியே வந்ததும் மாமியார் என் தோளைத் தட்டினார்.

"ஆர்மோனியம் ஒங்கிட்டயே இருக்கட்டும்த்தா. இனிமே நீ வாசி, அவ பாடட்டும்."