மெயின் ஷாஃப்டில் இரண்டு பேர்

என் வேனுக்கு நாலு கியர்தான் இருந்தது. ஊரிகத்திலும் கோரமண்டலிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு நரசாபுரா பக்கத்துக் கம்பெனியில் விடுவது என் பிழைப்பு. அவர்கள் ஷிஃப்டுக்கு ரயில் ஒத்துவராது. ஹைவே ஏறியதும் வேன் நாலாவது கியரில் கத்த ஆரம்பிக்கும். பின்சீட்டில் ஒருத்தி பேசினால் பக்கத்திலிருப்பவள் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்க வேண்டும். கண்ணயரலாம் என்று நினைத்தவர்கள் யாருக்கும் அது முடிந்ததில்லை. எனக்கோ சத்தம் கூடினால் பயம், குறைந்தால் அதைவிடப் பயம்.

ஒருநாள் இரண்டாவது கியர் தானாகவே நழுவ ஆரம்பித்தது. லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். புது வண்டி வைத்திருந்த ஒருவர் என் ஆட்களிடம் அடிக்கடி பேச்சுக் கொடுக்கிறார் என்று தெரியும். ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை என்றால் அவர் போவார், அப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் எனக்கு இல்லை. இதை நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் சோறு காய்வதைப் பார்த்து என் மனைவி, பங்காருப்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்யும் தன் தம்பிக்கு போன் போட்டாள்.

பழசைச் சரிசெய்யும் செலவில் ஐந்து கியர் பாக்ஸே போட்டுவிடலாம் என்றான் மச்சான். காயலான் கடையில் ஒன்று பார்த்து வைத்திருந்தான். அதே இடத்தில் உட்காரும், கியர் ராடு மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும், அதை அவனே லேத்தில் செய்துகொடுப்பான். பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றும் வேலை என் தலையில். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செல்போனில் யாரோ இந்தியில் பேசிக்கொண்டே கியர் பாக்ஸ் பிரிக்கும் வீடியோவைப் பார்த்தேன். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. ஒவ்வொரு நட்டையும் கழற்றும்போது ஒரு போட்டோ எடுத்தேன். போட்டோ அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று அதையெல்லாம் மனைவியின் போனுக்கும் அனுப்பினேன். பேரன் பேத்தி படத்தைத் தவிர எதுவும் இல்லாத அந்த போன் முழுக்கப் பல்சக்கரமாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லைன் வீட்டு வாசலில் கோணி விரித்து, வாங்கி வந்த பெட்டியை இரண்டாகப் பிரித்தேன். உள்ளே, பல்சக்கரங்கள் கோத்த மெயின் ஷாஃப்ட் என்னும் தண்டில் ஒரு பேரிங் நொறுங்கிக் கிடந்தது. பேரிங்கில் குண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் பிடித்துவைக்கும் வளையத்துக்கு கேஜ் என்று பெயர். அதுதான் உடைந்திருந்தது. குண்டுகளை எண்ணினேன், குறைந்தது. ஒரு குண்டு உள்ளேயே தங்கி, பல்சக்கரங்களுக்கு நடுவே மாட்டினால் எல்லாப் பல்லும் போய்விடும். மச்சானுக்கு போன் போட்டேன்.

"மச்சான், கேஜ் ஒடஞ்சி போச்சி. துண்டு துண்டா உள்ள உழுந்து கெடக்குது."

எந்த இடத்தில் என்று கேட்டான்.

"மெயின் ஷாஃப்ட்லதான்."

குண்டு எத்தனை என்று கேட்டான்.

"எட்டு இருக்கணும். ஆறுதான் கெடச்சிது. ரெண்ட தேடிகினு கீறேன்."

என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. குழாயடியில் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் பேசியது மட்டும்தான் கேட்டது, மச்சான் பேசியது கேட்கவில்லை. எங்களுடையது தங்கச் சுரங்க ஊர். இங்கே கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. அது உடைந்து, சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்டில் விழுந்தது என்றால் அதற்கு ஒரே அர்த்தம். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாயிற்று என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனால் கால் அதைக் கேட்கவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு, லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார்.

நான் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசல் நிறைய ஆள். ஒருவர் கையில் கயிறு, ஒருவர் கையில் டார்ச். முன்னே நின்ற பெரியவர் கேஜ் இயக்கும் இன்ஜினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"எந்த ஷாஃப்ட்டுப்பா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோணியைக் காட்டி, "இதுதாங்க" என்றேன்.

பெரியவர் குனிந்து கோணியில் கிடந்த பல்சக்கரங்களைப் பார்த்தார். முதலில் சிரித்தது என் மனைவிதான். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு பேர காணோம்னு சொன்னியே, கொடத்த போட்டுட்டு ஓடுனேன்."

"பேருன்னு நான் சொல்லலக்கா."

"தேடிகினு கீறேன்னு சொன்னியா இல்லியா?"

சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன்.

தேட வந்தவர்கள் தேடாமல் போகவில்லை. கோணி மடிப்பிலிருந்து அக்காவே ஒரு குண்டை எடுத்தார். இன்னொன்று எங்கேயும் இல்லை. யாரோ வீட்டுக்குப் போய் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் அதை மெல்லிய கயிற்றில் கட்டி, டார்ச் வெளிச்சத்தில், பெட்டியின் அடியில் கை நுழையாத சந்துக்குள் மெதுவாக இறக்கினார். அவசரமே இல்லை அவருக்கு. முதலில் உடைந்த கேஜ் துண்டுகள் வந்தன. மறுபடி இறக்கினார். டக் என்று ஒரு சத்தம். கயிறு ஆடாமல் இழுத்தார். எண்ணெய் சொட்டச் சொட்டக் குண்டு வெளியே வந்தது.

"ரெண்டு பேரும் மேல வந்துட்டாங்க" என்றார். அப்போதுதான் அக்கா சிரித்தார்.

மறுநாள் காலை மச்சான் புது பேரிங்கும் ஆயில் சீலும் கியர் ராடுமாக வந்து இறங்கினான். போட்டோக்களைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டே இருவரும் பூட்டினோம். பெட்டியை வேனுக்கு அடியில் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று ராத்திரியெல்லாம் நான் பட்ட கவலை வீண். கூப்பிடாமலே முந்தின நாள் கூட்டம் வந்து நின்றது. ரெஸ்க்யூ டீம் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பழையதை இறக்கிவிட்டு, இதை ஆளுக்கு ஒரு மூலை பிடித்தார்கள், மச்சான் படுத்துக்கொண்டே போல்ட்டை முறுக்கினான். கைகழுவியதும் மனைவி எல்லோருக்கும் டீ போட்டாள். நான் கீழே படுத்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் என் டீ ஆறிப்போனது. சொட்டவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோரும் வழக்கமான இடத்தில் நின்றார்கள். ஹைவே ஏறினேன். நாலாவதில் வழக்கமான கத்தல். லீவரை ஐந்தாவதுக்குத் தள்ளினேன். சட்டென்று சத்தம் அடங்கியது. இன்ஜின் அணைந்துவிட்டது என்றே நினைத்தேன். மீட்டரைப் பார்த்தேன், ஓரத்து மைல்கல்லைப் பார்த்தேன், கடைசியில் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி கேட்டில் நிறுத்தியபோது முன்சீட்டுப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்: "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலண்ணா."

"எனக்கும்தாம்மா" என்றேன்.