கைமாற்றுச் சளி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை வைத்திருக்கும் ஞானதுரை அண்ணாச்சிக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. நல்ல குணம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் வந்த தலைவலி எனக்குத்தான் தெரியும்.

கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது அவர் நாசரேத்திலிருந்து வரும்போதே கூடக் கொண்டுவந்த வைராக்கியம். யாராவது மல்லி கேட்டு, அது தீர்ந்துபோயிருந்தாலும், “உக்காருங்க, குடோன்ல கெடக்கு” என்பார். பின்வாசல் வழியாக ஓடி, அடுத்த கடையில் ஒரு மூட்டை கைமாற்றாக வாங்கி, முன்பக்கம் கொண்டுவந்து இறக்குவார். அடுத்த கடைக்காரருக்குச் சீரகம் தீர்ந்தால் இவர் கொடுப்பார். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அங்கே இல்லாத சரக்கு என்று ஒன்று கிடையாது, பக்கத்துக் கடையில் இருக்கிற சரக்கு மட்டும்தான் உண்டு.

நான் ரோசி, கல்மண்டபத்துக்காரி. சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பிரிவில் வேலை. இருமுகிற ஆளைக் கண்டுபிடித்துச் சளி வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புவேன். நோய் இருந்தால் ஆறு மாதம் விடாமல் மாத்திரை விழுங்க வைப்பேன். பஸ்ஸில் ஒருவர் இருமினால் மற்றவர்கள் தள்ளி உட்காருவார்கள். நான் கிட்டே போய், “எவ்ளோ நாளா இருமிகினு கீறே?” என்று கேட்பேன். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் எனக்குப் பத்திரிகை வைக்கக் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

வத்தல் கடைக்காரர் இருமினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வத்தல் நெடியே இல்லாத கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டும் அண்ணாச்சி இருமியதைப் பார்த்தேன். விடுவேனா? மறுநாளே மூடிபோட்ட டப்பாவோடு போய் நின்றேன்.

“அண்ணாச்சி, காலைல எய்ந்ததும் நல்லா ஆழமா இருமி இதுல துப்பிக் குடு. எச்சில் வோணாம், சளிதான் வோணும்.”

“ஏம்மா, மெதுவாப் பேசு. யாவாரம் நடக்குத எடம்” என்று டப்பாவை வாங்கிக் கல்லாவுக்குள் போட்டுக்கொண்டார்.

அவருக்கு இருந்தது வறட்டு இருமல். எத்தனை இருமினாலும் சளி வரவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். அவர் வாயில்தான் ‘இல்லை’ வராதே. தினம் காலையில் நான் போய்க் கேட்பதும் அவர் “நாளைக்குத் தாரேன்” என்பதுமாக இழுத்தது. கடைசியில் மனிதர் தன் வழக்கப்படி பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கடை பக்ருதீன் பாயின் டீக்கடை. கேட் போட்டால் கூட்ஸ் வண்டி கடந்து போகும்வரை தெருவே அங்கேதான் நிற்கும். பாய் பீடி பிடிப்பவர். விடியும்போது அவர் இருமுகிற இருமலில்தான் பாதித் தெரு எழுந்திருக்கும். நோன்பு மாதத்தில் இளைத்த உடம்பு பிறகு தேறவேயில்லை. “பாய் ஹீரோ கணக்கா ஆய்ட்டாருப்பா” என்று தெருவே பாராட்டியது. அவரும் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

“பாய், கொஞ்சம் சளி வேணும்” என்று டப்பாவை நீட்டியிருக்கிறார் அண்ணாச்சி.

“அதுக்கு இன்னா மாமு, எவ்ளோ வோணும்?” என்று கேட்டுவிட்டு, ஒரே முயற்சியில் கொடுத்துவிட்டார் பாய்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று டப்பாவைத் தூக்கிப் பார்த்து, “நல்ல சளி அண்ணாச்சி” என்றேன். முதல் தரக் குண்டூர் வத்தலைப் பாராட்டினால் எப்படிச் சிரிப்பாரோ அப்படிச் சிரித்தார்.

முடிவு வந்தது. டப்பாவில் காசநோய்க் கிருமி இருந்தது.

குடோனில் மூட்டைகளுக்கு நடுவே வைத்து விஷயத்தைச் சொன்னேன். அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்தில் எல்லோரும் ‘ஏன் எனக்கு வந்தது’ என்றுதான் கேட்பார்கள். இவர், “இதுல ஆளு செத்துப் போவானாம்மா?” என்று கேட்டார்.

“மாத்திரய ஒய்ங்கா துன்னா ஒண்ணியும் ஆவாது. பாதில வுட்டா பேஜாரு.”

“வீட்ல சின்னப் பிள்ள இருந்தா?”

அவருடைய பிள்ளைகளுக்கு மீசை முளைத்து வருஷக்கணக்காகிறது. அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னால் லோடு வருகிறது என்று தள்ளிப்போட்டார். மாத்திரையை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த மாத்திரையில் ஒரு சங்கதி உண்டு. யார் விழுங்கினாலும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. மறுமுறை போனபோது கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?”

“அதுக்கென்னம்மா, எளநி கணக்கா தெளிவாப் போகுது.”

“மாத்திரய இன்னா பண்ணே?”

அவர் கல்லாவைத் திறந்து மூடினார். கண் டீக்கடைப் பக்கம் ஒருமுறை போய்வந்தது. நேரே அங்கே போனேன். “பாய், உனுக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்லயா போவுது?” என்று காதோடு கேட்டேன்.

“அட, உனுக்கு எப்டி தெரியும் ரோசிம்மா?” என்று பாய் அசந்துபோனார். “அண்ணாச்சி ஊர்லேர்ந்து சத்து மாத்திர வந்துச்சின்னு குடுத்தாரு. அத்துலேர்ந்து இப்டித்தான். சத்து எறங்குதுன்னு நென்ச்சேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கிருந்த பாலைப் பொங்க வைக்க அடுப்பே தேவைப்பட்டிருக்காது. எடை பார்த்துக் கொடுக்கிற மாத்திரை அது. அண்ணாச்சியின் எடைக்குக் கொடுத்ததைப் பாதி உடம்புக்காரர் விழுங்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரையும் குடோனுக்கு இழுத்துப்போய் உட்கார வைத்தேன்.

“சளி பாயோடது. அப்பம் மருந்தும் அவருக்குத்தான சேரணும்? கணக்கு நேராயிரும்னு நெனச்சேன்” என்றார் அண்ணாச்சி.

“வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“கூட்டாளி மொகத்தப் பாத்து எப்படிம்மா சொல்லுவேன்?”

பாய் எழுந்துபோய்க் குடோன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு என்னிடம், “தெருவுக்குத் தெரிஞ்சா ஒருத்தன் நம்ம கடைல டீ குடிக்க மாட்டான். தெரிஞ்சிதுன்னா மாத்திரயும் வோணாம், மண்ணும் வோணாம், சொந்த ஊரு ஆம்பூருக்குப் போய்க்கினே இருப்பேன்” என்றார். சொன்னால் செய்கிறவர். மருந்தைப் பாதியில் விட்டு ஊரைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அவர்கள் இருந்த நிலையும் தெரியும். என் வாயிலிருந்து ஒரு சொல் வராது என்று சத்தியம் செய்தேன்.

பிறகு எல்லாம் முறையாக நடந்தது. பாயின் பெயரிலேயே பரிசோதனை, எக்ஸ்ரே, அவர் எடைக்கு மாத்திரை. மனைவி ஜெரினாவுக்கும் சின்ன மகள் அனமுக்கும் நோய் இல்லை. வராமலிருக்க அவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுத்தோம். அண்ணாச்சியின் நுரையீரலைப் பார்த்த டாக்டர், “வத்தல் தூசிதான், முகக்கவசம் போடுங்கள்” என்று அனுப்பிவிட்டார். பாயைக் கொஞ்ச நாள் வீட்டில், காற்றோட்டமான அறையில் இருக்கச் சொன்னேன். கடையை ஜெரினா பார்த்துக்கொண்டார்.

ஆனால் நான் மாத்திரையோடு தெருவில் நடந்ததை ஊர் பார்த்திருக்கிறதே. வத்தல் வாங்க வந்த ஹோட்டல்காரர் அசோகன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். “அண்ணாச்சி, இந்தத் தெருல யாருக்கோ டிபியாமே. டீக்கடை பாய் வேற ஆளையே காணோம்?”

அண்ணாச்சியின் சட்டைப் பையில் ‘நோய் இல்லை’ என்கிற அவருடைய முடிவு இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் அடுத்த விரல் டீக்கடைப் பக்கம் நீண்டிருக்கும். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் நிதானமாக ஒருமுறை இருமினார்.

“பாய் ஊருக்குப் போயிருக்காரு. டிபி எனக்குத்தான்” என்றார்.

அசோகன் வத்தலை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னும் சில பேர் போனார்கள். அந்த முகக்கவசமும் வதந்திக்கு வசதியாகப் போய்விட்டது. வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் தூக்கம் வராத மனிதர், வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப். குடிக்க வருகிறவர்கள் வற்புறுத்தினார்கள். காசநோய் டம்ளரில் ஒட்டாது, நோயாளி இருமும் காற்றில்தான் பரவும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஜெரினா அவர் முகத்தைப் பார்க்காமல் பேப்பர் கப்பில் ஊற்றுவார். அவர் அதை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே, வெயிலில் நின்று குடிப்பார்.

டாக்டர் கடைக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, பாயைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். கேட் போட்டிருந்தது. நல்ல கூட்டம். அண்ணாச்சி வெயிலில் பேப்பர் கப்போடு நின்றிருந்தார்.

“இன்னா இது?” என்று பாய் மனைவியைக் கேட்டார். ஜெரினா தலையைக் குனிந்துகொண்டார். அங்கே நின்ற ஒருவர்தான், “அண்ணாச்சிக்கு டிபி பாய், உனுக்குத் தெரியாதா?” என்று விளக்கினார்.

பாய் என்னைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். போய் அந்தக் கப்பைப் பிடுங்கிக் கூடையில் போட்டார்.

“டிபி எனுக்குத்தான். மாத்திர துன்னுகினு கீறேன், இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. அண்ணாச்சிக்கு ஒரு மண்ணும் கெடையாது. இஷ்டம் கீறவன் குடி, இல்லாதவன் போய்க்கினே இரு.”

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் கழுவி, தன் கையால் டீ ஆற்றி அண்ணாச்சியிடம் நீட்டினார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன். சிலர் போனார்கள். பலர், கேட் இன்னும் திறக்கவில்லை என்பதாலோ என்னவோ, நின்றார்கள். அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கர போட மறந்துட்டீரு பாய்” என்றார்.

பாய் ஊருக்குப் போகவில்லை. மருந்தை நிறுத்தவும் இல்லை. அசோகன் கொஞ்ச நாள் வேறு கடையில் வத்தல் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆறு மாதம் முடிந்து கடைசிப் பரிசோதனைக்கு டப்பா கொண்டுபோனேன். பாய் முக்கி முக்கி இருமிப் பார்த்தார். பீடியை விட்டதாலும் நோய் விட்டதாலும் ஒரு சொட்டு வரவில்லை. “இல்ல ரோசிம்மா” என்று டப்பாவைத் திருப்பி நீட்டினார்.

பின்வாசலில் முகக்கவசத்தோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“வெறுங்கையோடயா போற? இரும்மா” என்றார் அண்ணாச்சி. “நான் வேணா இருமிப் பாக்கட்டா?”

டப்பாவால் அடித்தேன்.