ஐந்தும் எக்ஸும் ஏறிய லிஃப்ட்

“இந்த எக்ஸ் எதுக்கும்மா கீழ இறங்கணும்?”

கம்பிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே கேட்டார் லிஃப்ட்காரர். முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் ஒரு தாள். அதில் 5x⁻² என்று பென்சிலால் எழுதியிருந்தது.

“அது தலையில மைனஸ் இருக்குல்ல அண்ணா. பின்னத்துல கீழ இறக்கிட்டா மைனஸ் போயிடும்.”

“இறங்கினா தலைவலி போயிடும். சரி. கூட இருக்கிற அஞ்சு?”

“அது மேலேயே இருக்கும்.”

“ஒண்ணா ஏறினவங்கள நடுவுல பிரிக்கச் சொல்றீங்க. நியாயமா இது?”

என் அலுவலகம் இருக்கும் நான்காம் மாடி வந்துவிட்டது. அவர் கதவைத் திறக்கவில்லை. “பதில் சொல்லிட்டு இறங்குங்க.”

அந்தக் கட்டடத்துக்கு அந்த ஒரு லிஃப்ட்தான். கதவைக் கையால் சாத்தினால்தான் அசையும். எந்த மாடி என்று அவர் யாரையும் கேட்பதில்லை. கன்னத்தில் கை வைத்தவரிடம் “பல்லா? ரெண்டு” என்பார். காலைத் தாங்கி நடப்பவரிடம் “எலும்பு மூணு, சாஞ்சுக்கோங்க” என்பார். எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வருகிறவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். “ஏறினதும் சுவத்துல இருக்கிற போர்டோட தமிழைப் படிச்சுட்டு மூஞ்சியைச் சுளிப்பாங்க.”

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக் வேலைக்குத் தேர்வு எழுதுகிறார். இரண்டு முறை கணக்கு காலை வாரிவிட்டது. இந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. “நாள் பூரா மேலயும் கீழயும் போற மனுஷனுக்கு இது வரலையான்னு வீட்டுல சிரிக்கிறா” என்று அவரும் சிரிப்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். “லிஃப்ட் நடுவுல நின்னா, உள்ள இருக்கிறவங்க என்னைப் பாத்துத்தான் கத்துறாங்க. நான் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டு அவங்களோடயே நிக்கிறேன்.”

ஐந்தைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்தே கீழே இறக்கினார். ஒவ்வொரு முறையும் விடை தப்பு. முன்பொரு நாள் அவசரத்தில் கதவைச் சாத்தியபோது தாய் வெளியே நின்றுவிட, குழந்தை மட்டும் மேலே போய்விட்டதாம். அந்த அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றார்.

பக்கத்தில் (5x)⁻² என்று எழுதிக் காட்டினேன். அடைப்புக்குறியையும் கம்பிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கதவுக்குள்ள நின்னா ரெண்டு பேரும் இறங்கணும். மொதல்ல எழுதினதுல கதவே இல்ல. மைனஸ் எக்ஸோடது. அஞ்சு சும்மா வழியனுப்ப வந்தவன்.”

“அதேதான் அண்ணா.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

தேர்வு சனிக்கிழமை. லிஃப்டுக்கு ஆள் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் கட்டடத்து மேனேஜர்.

“மச்சானைக் கேட்டேன். அவன் ரெண்டு தடவை மேல போயிட்டு வந்தா தூங்கிடுவான்.” எழுந்து, முக்காலியைக் கைக்குட்டையால் தட்டி என் பக்கம் நகர்த்தினார். “உங்களுக்கு அன்னைக்கு லீவுதானே? மத்தியானம் வரைக்கும் உக்காருங்கம்மா. பேசக்கூட வேணாம். குழந்தை யார் கையைப் பிடிச்சிருக்குன்னு மட்டும் பாத்துட்டுக் கதவைச் சாத்துங்க.”