முதற்பக்கத்தில் பெரியசேர்

ஸகியா டீச்சர் விசைப்பலகையைத் தட்டுவதில்லை, குத்துவார். வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு. "பல்லுக்கில்ல, நாக்கக் கட்டத்தான்" என்பார். சாய்ந்தமருதில், சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தில் அவருக்கு அதிகம் கராம்பு தேவைப்பட்டது.

காரணம், பள்ளிக்கூடத்தின் இணையத்தளம். கொழும்பில் யாரோ செய்து கொடுத்தது. திறந்தால் பாட்டு அலறும், நட்சத்திரங்கள் உதிரும், நடுவில் பள்ளிக்கூட அதிபர், ஊர் வாயில் 'பெரியசேர்', மாலையோடு சிரிப்பார். பரீட்சைத் திகதி கிடையாது. தொலைபேசி இலக்கமோ, கடல் கொண்டுபோன பழைய கட்டடத்தினுடையது.

"இத ஆரு சேர் பாக்குறா? வெளிநாட்டுல வேலைக்கி நிக்கிற உம்மாமாரு. அவங்களுக்கு ஒங்கட மாலையா வேணும்?"

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு மதிப்பு வேணுமே, டீச்சர்."

யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம். ஒரு முற்பகலில் "கடல் வருகுது!" என்று யாரோ கத்த, ஊரே ஓடியது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு டீச்சரும் மேற்கே வயல்வெளிக்கு ஓடினார். கடல் வரவில்லை, வெறும் வதந்தி. பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் குவைத்திலிருந்து றம்லா, டீச்சரின் இலக்கத்தை எப்படியோ தேடிப் பிடித்து அழைத்தாள். மூத்த மகளைச் சுனாமியில் பறிகொடுத்தவள். இளையவன் இங்கே ஆறாம் வகுப்பு.

"நேத்து கடல் வந்திட்டு எண்டு கேள்விப்பட்டு அடிச்சா, ஊர்ப் போன் ஒண்டும் விழல்ல டீச்சர். வேலை செய்ற வீட்டுல கெஞ்சி, கொம்பியூட்டர்ல ஒங்கட பக்கத்தத் தொறந்தன். பெரியசேர் சிரிச்சிக்கிருக்கார். அதுல கிடந்த நம்பருக்கு அடிச்சிக்கிட்டே இருந்தன். என்ட புள்ள இருக்கானா, மௌத்தாகிட்டானா..."

மகன் நலம் என்று டீச்சர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவள் அழைப்பை வைத்தாள்.

டீச்சர் கராம்பைத் துப்பிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார். பாட்டு போயிற்று. நட்சத்திரங்கள் போயின. மாலையும் போயிற்று. 'பிள்ளைகள் எல்லோரும் நலம்' என்று உச்சியில் போட்டு, அதன் கீழே தம் கைத்தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாகக் குத்தினார்.

அதிபர் பாய்ந்து வந்தார். "ஆரக் கேட்டு என்ட படத்தக் கழட்டின நீங்க?"

"றம்லாவக் கேட்டு."

"அது ஆரு றம்லா?"

"நம்மட ஆறாம் வகுப்புப் புள்ளட உம்மா. ஆரு எண்டு கேக்குறீங்களே சேர், வெக்கமா இல்லையா?"

"இடமாற்றம் எழுதுவன்! நாளைக்கே எழுதுவன்!"

"எழுதுங்க. படத்த மட்டும் திரும்பப் போட மாட்டன்."

மேசைமேல் தொலைபேசி அதிர்ந்தது. வெளிநாட்டு இலக்கம். அதிபர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நிமிர்த்தி நிறுத்தினார்.

"ஓம், டீச்சர்தான் கதைக்கிறன். அழாதீங்க ராத்தா. எந்த வகுப்புப் புள்ள?"