கதிர் குறைத்தால் புள்ளி கூடும்

சி.டி. ஸ்கேன் எடுப்பது பட்டனைத் தட்டுகிற வேலைதானே என்று நினைப்பவர்கள், அந்தப் பட்டனைத் தட்டிப் பார்க்காதவர்கள். நோயாளி உடம்பில் கதிர் குறைவாகப் படவேண்டும், படமும் தெளிவாக இருக்கவேண்டும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கெடும். கரையான்சாவடி ஸ்கேன் சென்டர் ஒன்றில் பதினாறு வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் முழித்துக்கொண்டிருக்கிறேன். இதே கதியில் இருப்பவர்கள் கை கொடுங்கள்.

பாதிக் கதிர்

சிறுநீரகக் கல் வலியோடு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். தைரியம் சொல்வதாக நினைத்து, "பயப்படாதீங்கண்ணா, கல்லைப் பார்க்க வழக்கமா வைக்கிறதுல பாதிக் கதிரே போதும்" என்றேன். மனிதர் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அது இன்னாம்மா எனக்கு மட்டும் பாதி? கல்லு ஃபுல்லாத்தானே கீது!"

சரிங்க

ஐயப்பன்தாங்கலுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. மெஷினில் பதிவு செய்த குரல் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றதும், "சரிங்க" என்று மூச்சை விட்டுவிட்டார். நெஞ்சு அசைந்து படம் கலங்கிப்போனது. பார்த்துப் பார்த்துக் கதிரைக் குறைத்ததெல்லாம் வீண். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. "ஏன் சார் பேசினீங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் அத்தனை தன்மையாச் சொல்றப்ப, பதில் சொல்லாம எப்படிங்க படுத்திருக்கறது?"

கல்லீரல்

படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் டாக்டர் கல்யாணி. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு வயிற்று ஸ்கேன். சின்ன வயசாயிற்றே என்று கதிரை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"மாலதி, நான் கேட்டது கல்லீரல். நீ ரவா உப்புமா அனுப்பியிருக்க."

பாலிஷ்

அதன்பிறகுதான் புது சாஃப்ட்வேர் வந்தது. மெஷின் அளந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டு, புள்ளிகளைக் கழித்துப் படத்தைத் தெளிவாக்கும். எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு ஐந்து அளவுகள். ரவா உப்புமா ரோஷத்தில் நேராக ஐந்தில் வைத்தேன். படங்கள் வழவழவென்று வந்தன. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ராமலிங்கம் சார் வந்தார். பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. விடாத இருமல். அவர் நுரையீரல் படம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. டாக்டருக்கு மட்டும் முகம் மாறியது.

"மெல்லிசு ரத்தக் குழாயெல்லாம் எங்க? எத்தனைல வச்ச?"

"அஞ்சு, மேடம்."

"அதே கணக்கை இரண்டுல வச்சு மறுபடி போடு."

மெஷின் பழைய கணக்கை இரண்டு நாளில் அழித்துவிடும். நல்லவேளை, அழிந்திருக்கவில்லை. அளவைக் குறைத்ததும் புள்ளிகள் திரும்பி வந்தன. அவற்றுக்கு நடுவே, வலது நுரையீரலின் மேல்பக்கம், புகை படிந்தாற்போல் ஒரு சின்னத் திட்டு. புற்றுநோயின் ஆரம்பம், சிறிய ஆபரேஷனோடு முடிந்தது.

சில மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தவரிடம், மறைக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாலிஷ் போட்டா கீறல் தெரியாதும்மா, எங்க செக்‌ஷன்ல பாலிஷுக்கு முன்னாடிதான் சோதிப்போம்!"

இப்போதெல்லாம் படம் ரொம்ப அழகாக வந்துவிட்டால், முதல் வேலையாக அளவு எத்தனையில் இருக்கிறது என்று பார்க்கிறேன்.