பெட்டியோடு வராதது

வின்னிப்பெக்கில் மார்கழி, தை மாதங்களில் வெளியே நின்று மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி உறைந்து குத்தும். அந்தக் குளிரில் காருக்குப் பக்கத்தில் நின்று பெற்ற பிள்ளையின் கோட்டைக் கழற்றுகிறவர்களை முதன்முதலாகப் பார்த்தபோது, என்ன ஈவிரக்கமில்லாத ஊர் இது என்றுதான் நினைத்தேன். குழந்தை வீறிட்டு அழும். தாய் அசரமாட்டாள். மெல்லிய சட்டையோடு அதைக் கார் சீட்டில் உட்காரவைத்து, வாரை இறுக்கி மாட்டி, அதன் பிறகுதான் கோட்டை எடுத்து மேலே போர்த்துவாள். கோட்டுக்கு மேல் வாரை மாட்டினால், வண்டி மோதும்போது பஞ்செல்லாம் அமுங்கி வார் தொளதொளத்துவிடும், குழந்தை முன்னால் பாய்ந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தல்லாகுளத்தில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி, காற்று முகத்தில் அடிக்கப் பள்ளிக்கூடம் போனவள் நான்.

மகள் பிறப்பதற்கு முன்பே மதுரை திருநகரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் என் கணவர் செந்திலின் அக்கா கவிதா. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். வீட்டு மாடியில் தையல்காரம்மாக்கள் இரண்டு பேரை வைத்துக் குழந்தைச் சாமான்கள் தைத்து விற்கிறார். போனிலேயே ஆர்டர் வரும். பார்சலில் கார் சீட்டுக்குள் போடும் வெல்வெட் மெத்தை, தலையைச் சுற்றி வைக்கும் குஷன், வாரின் மேல் சுற்றும் கரடிப் பொம்மை உறைகள். ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்று அவற்றையெல்லாம் சீட்டில் பொருத்தி எடுத்துப் போனேன். வார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த நர்ஸ் மெத்தையைத் தொட்டு, "இது பெட்டியோடு வந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஆமாம், பெட்டியில்தான் வந்தது. மதுரையிலிருந்து," என்றேன் பெருமையாக. அவள் மெத்தையைப் புரட்டிப் புரட்டி முத்திரை தேடினாள். மதுரை என்பது எந்தக் கம்பெனி என்று கேட்டாள். செந்தில்தான் அசடு வழிந்துகொண்டு இடையில் வந்து விளக்கினார்.

அவள் ஒவ்வொன்றாக உருவி எடுத்து என் மடியில் வைத்தாள். சீட்டை எந்தெந்த உறுப்புகளோடு மோதவிட்டுச் சோதித்தார்களோ அவை மட்டுமே சீட்டில் இருக்கலாம், அதே பெட்டியில் வராத எதையும் குழந்தைக்கும் வாருக்கும் நடுவில் வைக்காதே, கெட்டியான சாமான் எதையும் முகத்துக்கு எதிரே மாட்டாதே என்றாள். குரலில் கோபமில்லை, பரிவும் இல்லை. பச்சைப்பிள்ளை வெறும் சீட்டில் தலை சாய்ந்து கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஊரில் பிள்ளையின் மேல் பாசம் என்றால் மெத்தென்று ஏதாவது விரிப்பது. இங்கே பாசம் என்பது இறுக்குவது. அந்த இரண்டாவது பாசத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது.

மகளுக்கு மூன்று வயதானபோது ஊருக்குப் போனோம். மதினியின் மகன் அகிலனுக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்கென்று ஒரு புதுக் கார் சீட்டை இங்கிருந்தே சுமந்துபோனோம். முதலில் மதினி சிரித்தார். "என்ன இது, புள்ளைக்கு வெலங்கு மாட்டுறாப்ல?" என்றார். ஆனால் தெருவில் யாரிடமும் இல்லாத சாமான் என்று தெரிந்ததும் மறுநாளே காரில் ஏற்றிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது சீட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே மெத்தை, முதுகுக்கு மெத்தை, வாரைச் சுற்றி உறை. முன்னால் குறுக்கே, ஹாரன் அடிக்கிற பிளாஸ்டிக் ஸ்டியரிங் ஒன்று. அகிலன் அதைத் திருப்பித் திருப்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மதினி அவனைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை, அதாவது என் மாமியார், பக்கத்தில் நின்று நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார். மெத்தை வாங்க வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

"மதினி, சீட்டோட வராதது எதையும் போடக்கூடாதாம். எடுத்துருவோமா?" என்றேன்.

"யாரு சொன்னா?"

"அங்க ஆஸ்பத்திரியில."

"எம்புட்டுப் பேரு வாங்கிட்டுப் போயிருக்காக. ஒருத்தி ஒரு குத்தம் சொல்லல. கனடாக்காரிக்கு மட்டுந்தான் புள்ள மேல அக்கறையாக்கும்?"

சொல்லிப் புரியாது, காட்டினால் புரியும் என்று நினைத்தேன். மெத்தையோடு சேர்த்து வாரை நன்றாக இறுக்கினேன். பிறகு, இறுக்கிய வாரைத் தொடாமல், அகிலனின் முதுகுக்குப் பின்னாலிருந்த மெத்தையை மட்டும் உருவினேன். வாருக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் என் கை முழுதாகப் போய் வந்தது. "பாருங்க மதினி. ஒரு பிரேக் அடிச்சாப் போதும், புள்ள முன்னால போய் இந்த ஸ்டியரிங்குல மோதிரும்," என்றேன். வாங்க வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அப்புறம் வாரோம் என்று கிளம்பிவிட்டார்கள். மதினி என் கையிலிருந்த மெத்தையைப் பிடுங்கினார். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் அங்கயிருந்து வந்தியா? எம்புள்ளய நீ எதுக்குடி மோதவிட்டுப் பாக்குற?" மெத்தையை முன்பு இருந்தபடியே திணித்தார். அத்தை, "போற நேரம் வார நேரத்துல நல்ல வார்த்தையாப் பேசு ஆத்தா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரக் கடைசியில் கீழக்குயில்குடியில் பங்காளி வீட்டு விசேஷம். மதினியின் கணவர் முருகேசன் அண்ணன் காரை ஓட்டினார். எனக்கு அந்தக் காரில் இடமில்லை என்று மதினி சொல்லிவிட்டதால், நாங்கள் மூவரும் அத்தையும் வாடகைக் காரில் பின்னால் வந்தோம். சமணர் மலை தெரியத் தொடங்கும் இடத்தில், முன்னால் போன வைக்கோல் டிராக்டர் சட்டென்று நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நிற்காமல் டிராக்டரின் பின்னால் இடித்தது. பெரிய மோதல் இல்லை. அண்ணனுக்கு நெற்றியில் வீக்கம், மதினிக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கதவைத் திறந்தவள் நான்தான். அகிலன் அழவில்லை. வாரிலிருந்து ஒரு தோள் வெளியே வந்திருந்தது. ஸ்டியரிங் உடைந்து, அதன் முனை அவன் இடது கண்ணில் பட்டிருந்தது. அவனைத் தூக்க நான் வாரைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கண் டாக்டர், உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கண் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னார். இடது கண்ணைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள் மதினி என் பக்கம் திரும்பினார். "சொன்னாளே! மோதிரும்னு சொன்னாளே! அவ வாயில வந்த மாதிரியே நடந்துபோச்சே! கருநாக்குக்காரி!" என்று அலறினார். வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். அத்தை என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அவன் கண்ணு முழிக்கையில நீ இங்க இருக்கக்கூடாது. வீட்டுக்குப் போயிரு," என்றார். நான் செந்திலைப் பார்த்தேன். வின்னிப்பெக்கில் அந்த நர்ஸ் சொன்னதைக் கேட்டவர் அவர். ஏன் என்று எனக்குப் பிறகு விளக்கிச் சொன்னவரும் அவர்தான். அவர் தரையைப் பார்த்தபடி, "நீ அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார்.

மெத்தையை யாரும் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சீட்டுதான் காவு வாங்க வந்தது, மடியில் வைத்திருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று முடிவு செய்தார்கள். சீட்டு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. மதினி ஒரு மாதம் மாடியில் தையலை நிறுத்தியிருந்தார். பிறகு தொடங்கினார். இன்றைக்கும் புது மெத்தைகளின் படங்கள் அவர் ஸ்டேட்டஸில் வருகின்றன. வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும் என்று கீழே எழுதியிருக்கும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டுக்கும் அப்படியொரு பார்சல் வந்திருக்கலாம். அனுப்பியவருக்கு உங்கள் பிள்ளை மேல் உண்மையிலேயே பாசம் இருக்கும். அதனால்தான் அதை உருவி எடுப்பது கஷ்டம்.

இந்த வருஷம் அகிலனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். செந்திலும் மகளும் வர வேண்டும், நான் வரக்கூடாது என்று அத்தை போனில் சொன்னார். மகளையும் அனுப்பமாட்டேன் என்று இரண்டு வாரம் சண்டை போட்டேன். "அவளுக்கு அப்பா வீடுன்னு ஒண்ணு வேண்டாமா?" என்று செந்தில் கேட்டார். அவளுடைய சீட்டையாவது கொண்டுபோங்கள் என்றேன். "அந்த வீட்டு வாசல்ல, அதுவும் அவன் கண்ணு முன்னால, கார் சீட்டைக் கொண்டுபோய் எறக்கச் சொல்றியா?" என்றார். மகளின் பட்டுப்பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

போன வாரம் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிக் காரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் உறைந்த பனி இளகட்டும் என்று காத்திருந்தபோது, செந்தில் பின் சீட்டிலிருந்து எடுத்த ஒரு வீடியோ போனில் வந்தது. அங்கே மாலை வெயில். முருகேசன் அண்ணன் ஓட்டுகிறார். பக்கத்தில் மதினி, அவர் மடியில் அகிலன். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் என் மகள் பட்டுப்பாவாடையோடு நிற்கிறாள், எதையும் பிடித்துக்கொள்ளாமல். திருமங்கலம் ரோட்டுக் காற்றில் முடி பறக்கிறது. அவள் அப்படிச் சிரித்து நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. "அம்மாவுக்கு டாட்டா சொல்லு," என்றது மதினியின் குரல்.

'அவளை உட்காரவையுங்கள், வண்டி' என்று அடித்தேன். அடுத்த வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை. எழுதி, அங்கே ஏதாவது நடந்துவிட்டால்? மதினியைப் போலவே நானும் என் நாக்கைக் கண்டு பயந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். 'பாப்பா சாப்பிட்டாளா?' என்று மட்டும் கேட்டேன். 'ம்' என்று பதில் வந்தது. என் பெல்ட்டை மாட்டி, இறுகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். வீடியோவை மறுபடி ஓடவிட்டு, அந்தக் கார் எங்காவது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.