முப்பத்தெட்டின் கீழ் பன்னிரண்டு

ஆறாம் வகுப்பில் என் மகள் ஒரு நாள் பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. அவளைக் கேட்டால் இதைவிட நியாயமான கணக்கு உலகத்தில் கிடையாது. வகுப்பே சிரித்துவிட்டது. கூட்டி வந்த விடை முதலில் இருந்த அரையைவிடக் குறைவாக இருக்கிறதே, அது எப்படி என்று டீச்சர் பொறுமையாகத்தான் கேட்டாராம். சிரிப்புச் சத்தத்தில் இவள் காதில் அது விழவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் பலகைப் பக்கம் போகவில்லை. கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள், உட்காரச் சொல்லும்வரை தரையைப் பார்ப்பாள். டீச்சர்தான் இதைப் போனில் சொன்னார். மார்க் போனால் மயிரே போச்சு என்று சொல்கிற ஆள் நான். ஆனால் இவள் வாயாடிப் பிள்ளை. எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் எந்த மாடி, யார் வீட்டுக்கு, கையில் என்ன டப்பா என்று விசாரித்து அனுப்புகிறவள். அவள் ஓரிடத்தில் ஊமையாக நிற்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஊமைத்தனம் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்தேன். பயந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன்.

நாங்கள் இருப்பது தார்நாகாவில். நான் திருநெல்வேலிக்காரி, மென்பொருள் சோதிக்கிற வேலைக்காக ஹைதராபாத் வந்தவள். வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கென்று மெட்டுகுடாவுக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. அவர் தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு 'நக்கோ' விழும், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருது. மகளுக்கு நாங்கள் பேசுவதெல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசி, ஒரே குக்கரில் சாப்பிட்டு வந்தோம். பின்னங்கள் வரும்வரை அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். பகுதிகள், அதாவது கீழ் எண்கள், ஒன்றாக இருந்தால் ஓரினப் பின்னங்கள், வேறாக இருந்தால் வேற்றினப் பின்னங்கள். வேற்றினத்தை ஓரினமாக்காமல் கூட்டக் கூடாது. அதற்கு மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கணக்கு சார் இதைப் பிரம்போடு சொன்னதால் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஏட்டி, இங்க பாரு" என்று மகளை உட்கார வைத்தேன். "காலும் ஆறுல ஒண்ணும் கூட்டணும். நாலாம் வாய்ப்பாடு சொல்லு. அப்புறம் ஆறாம் வாய்ப்பாடு சொல்லு. ரெண்டுலயும் மொதல்ல வார எண் எது?"

"பன்னெண்டு" என்றாள். தெலுங்கிலும் அது பன்னெண்டுதான், ஆகவே எந்த மொழியில் சொன்னாள் என்று தெரியவில்லை.

"அம்புட்டுதான். கால்னா பன்னெண்டுல மூணு. ஆறுல ஒண்ணுன்னா பன்னெண்டுல ரெண்டு. மூணும் ரெண்டும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து குரல் வந்தது. "கைக்கு, ஏன் இவ்ளோ சுத்து? நேரா குறுக்கே பெருக்கு, முடிஞ்சிடும்."

"குறுக்கேன்னா எப்படிங்க நேரா?" என்றேன்.

அவர் எழுந்து வந்து பேனாவை வாங்கிக்கொண்டார். இந்தப் பக்கத்து மேல் எண்ணை அந்தப் பக்கத்துக் கீழ் எண்ணால் பெருக்கு, அந்தப் பக்கத்து மேல் எண்ணை இந்தப் பக்கத்துக் கீழ் எண்ணால் பெருக்கு, ரெண்டையும் கூட்டி மேலே போடு. கீழ் எண்கள் ரெண்டையும் பெருக்கிக் கீழே போடு. ஆறும் நாலும் பத்து, கீழே இருபத்துநாலு. சுருக்கினால் பன்னிரண்டில் ஐந்து. பெருக்கின கோடுகளைச் சுற்றி இறக்கை வரைந்து, பட்டாம்பூச்சி என்று பிள்ளைக்குக் காட்டினார்.

"பெருக்கிப்புட்டு மறுபடி சுருக்குததுக்குப் பதிலா மொதல்லயே சின்னதா போட்டா என்ன?"

"நீ பொது மடங்கு கண்டுபிடிக்கிறதுக்குள்ள நான் ஸ்டேஷன் போய்ட்டு வந்துருவேன்."

ரெண்டு பேருக்கும் ஒரே விடைதான் வந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல மகள் பட்டாம்பூச்சிக்கு மீசை வரைந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

தாளில் புரியாதது வாயில் புரியும் என்று அடுத்த நாள் பேக்கரிக்குப் போனேன். தில்பசந்த் என்று ஒன்று இங்கே கிடைக்கும். தேங்காயும் டுட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்த வட்டமான பெரிய பன். இரண்டு வாங்கினேன். ஒன்றை நாலாகவும் மற்றதை ஆறாகவும் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இருந்தாலும் வெட்டிக் கொடுத்தார். வீட்டில் மகள் இதிலிருந்து ஒரு துண்டு, அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்தாள். நான் தட்டைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் ரெண்டையும் சாப்பிட்டுவிட்டாள்.

"இப்ப சொல்லு, மொத்தம் எவ்வளவு தின்ன?"

"ரெண்டு முக்கலு" என்றாள், ரெண்டு துண்டு என்று.

அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் சொன்னது சரிதானே. ரெண்டு துண்டுதான். ஆனால் ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டும். பெரிசையும் சிறிசையும் ஒரே பேரில் எண்ணினால் ரெண்டு என்பதற்கு அர்த்தமே இல்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் எண்ண முடியும், அதற்குத்தான் இந்தப் பொது மடங்கு எல்லாம். எங்கள் சார் இத்தனை பிரம்பு உடைத்தும் எனக்குப் புரியாமல் இருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. உற்சாகமாக அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் வீட்டுக்காரர் வந்து மிச்சமிருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை காலையில் பெற்றோர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பார்க்கலாம், பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் கணக்குப் போடுவார்கள்.

"சனிக்கிழமை எனக்கு ஜுரம் வரும்" என்று மகள் முன்கூட்டியே அறிவித்தாள், வழக்கத்துக்கு மாறாகத் தமிழில். அப்புறம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தெலுங்கில் சொன்னாள். கூப்பிட்டாலும் போக மாட்டாளாம், எல்லோரும் சிரிப்பார்களாம், இந்த முறை அவர்கள் அப்பா அம்மாக்களும் சேர்ந்து சிரிப்பார்களாம். சிரிக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லாததை எப்படிச் சொல்வது?

ஜுரம் வரவில்லை. சனிக்கிழமை காரில் போகும்போது அவர் மெல்ல ஆரம்பித்தார். "ஒருவேளை கூப்பிட்டா பட்டாம்பூச்சி போட்டுடு, பேட்டா."

"அதெல்லாம் வேண்டாம். பன்னெண்டு, பதினெட்டுன்னு வாய்ப்பாடு சொல்லிப் பாரு."

"நக்கோ, குழப்பாதே."

"யாரு கொழப்புதா? நானா?"

மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்கு மேல் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தும்போதுகூடப் பின்னால் சுவர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் எங்களைப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். முழங்கால் நெஞ்சில் இடித்தது. மகள் முன் வரிசையில் இருந்தாள். பின்னாலிருந்து அவள் கழுத்து மட்டும் தெரிந்தது, அதுவே விறைத்துப் போயிருந்தது. டீச்சர் வணக்கம் சொல்லிவிட்டு, இன்றைக்குக் கணக்கைப் பெற்றோர் போடட்டும், பிள்ளைகள் திருத்தட்டும் என்றார். பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். பிள்ளைக்குத் தைரியம் காட்டவேண்டும் என்று ஒரு நினைப்பு. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அவரும் எழுந்து நிற்கிறார். அவருக்கும் அதே நினைப்பு.

ஆறில் ஐந்தும், முக்காலும். கூட்ட வேண்டும். டீச்சர் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்தார்.

அவர் நெட்டை, நான் குட்டை. நான் கோட்டைப் போட்டு, ஆறுக்கும் நாலுக்கும் பொது மடங்கு பன்னிரண்டு என்று மனதில் கண்டுபிடித்து, அதைக் கோட்டுக்குக் கீழே பெருமையாக எழுதினேன். அதற்குள் கோட்டுக்கு மேலே அவர் குறுக்கே பெருக்கி முடித்திருந்தார். ஐநாலு இருபது, மூவாறு பதினெட்டு, ஆக முப்பத்தெட்டு. பேச்சுவார்த்தை இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டிருப்போம். முப்பத்தெட்டின் கீழ் பன்னிரண்டு. அதை அவர் சுருக்கி, மூன்றும் ஆறில் ஒன்றும் என்று அழகான கையெழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டார். மேல் பாதி அவர் வழி, கீழ் பாதி என் வழி. இரண்டும் சரியான வழிகள்தான், கலந்ததில் விடை ஊரைவிட்டே ஓடிவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு இரண்டு பேரும் வகுப்பைப் பார்த்து நின்றோம்.

முதலில் முன் வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. என் மகளுடையது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், அப்புறம் பொத்தவும் இல்லை. பிறகு மொத்த வகுப்பும் சிரித்தது, பெற்றோர்களும்தான். என் காது மடல் சுட்டது. பலகைக்கு முன்னால் நின்று சிரிப்பு வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது.

என்ன தப்பு, யார் சொல்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். நாலைந்து கைகள் உயர்ந்தன. என் மகள் கையே தூக்கவில்லை. எழுந்து நேராகப் பலகைக்கு வந்துவிட்டாள்.

"ஆறுல அஞ்சு ஒண்ணைவிடக் கம்மி மேடம். முக்காலும் ஒண்ணைவிடக் கம்மி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ரெண்டு கம்மி சேர்ந்தா ரெண்டுகூட வராது. இவங்களுக்கு மூணு எப்படி வந்துச்சு?"

'இவங்க' என்று யாரோ மூன்றாம் மனிதர்களைச் சொல்வது போலச் சொன்னாள். சரி, விடை எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. என் பக்கம் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பலகைக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் ஆறில் ஐந்து என்றால் ஐம்பது நிமிடம், முள் பத்தில் நிற்கும். முக்கால் என்றால் நாற்பத்தைந்து நிமிடம், முள் ஒன்பதில் நிற்கும். பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. கடிகாரத்தில் பன்னிரண்டு எண் இருக்கிறது, ஆகவே பன்னிரண்டில் பத்தொன்பது. ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.

நான் வாய்ப்பாடு சொல்லித் தேடிய பன்னிரண்டு சுவரில் உட்கார்ந்து டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அவளுக்கு அந்த வழியைச் சொல்லித் தரவில்லை. எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அழுதும்விட்டேன். வீட்டுக்காரர் கைக்குட்டையை நீட்டினார். காலையிலிருந்து நாங்கள் சமாதானமானது அப்போதுதான்.

"நீங்க போய் உட்காருங்க" என்றாள் மகள் எங்களைப் பார்த்து. போய் உட்கார்ந்தோம்.

டீச்சர் அவளை விடவில்லை. ஏழில் இரண்டையும் அரையையும் கூட்டு என்றார். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழில் இரண்டுக்கு முள் எந்த எண்ணிலும் நிற்காது என்று எனக்கே தெரிந்தது. அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அதையும் அழித்தாள். வீட்டுக்காரர் பக்கத்தில் குறுக்கே கையை ஆட்டினார், நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் சாக்பீஸ் இருந்த கையோடு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஆகு" என்றாள் தெலுங்கில். "இரு. யோசிச்சிட்டு இருக்கேன்."